இரு என்றால் இரண்டு

அரசாங்கத்தின் கண்ணில் படாதவரைக்கும் ஒரு நல்ல காரியம் பாட்டுக்கு நல்ல காரியமாகவே இருந்துவிட்டுப் போகும். பட்டுவிட்டதோ, அதற்கு ஒரு பெயர் வைப்பார்கள், ஒரு சின்னம் போடுவார்கள், ஒரு குழுவும் அமைப்பார்கள். அப்புறம் அதைப் பெற்றவளே நேரில் வந்து பார்த்தாலும் தன் பிள்ளை என்று அடையாளம் தெரியாது. ஜெமிமா டீச்சர் பெற்ற பிள்ளைக்கும் அந்தக் கதிதான் நேர்ந்தது.

ஜெமிமா சாயர்புரத்துக்காரி. தூத்துக்குடியில் கடலை ஒட்டி நிற்கும் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுத்தாள். அவளிடம் படித்த பிள்ளைகளின் வீடுகளில் பாதி மீன்பிடிக்கப் போகிற வீடு, மீதியில் சில சங்கு குளிக்கப் போகிற வீடு. குளிப்பது என்றால் அங்கே சோப்புப் போடுவது அல்ல. வள்ளத்தில் ஒரு கம்ப்ரசர் தடதடவென்று ஓடும். அதிலிருந்து வரும் ரப்பர் குழாயைப் பல்லில் கடித்துக்கொண்டு பத்துப் பாகம் ஆழத்துக்கு இறங்குவார்கள். இரண்டு கையையும் விரித்தால் வருகிற நீளம் ஒரு பாகம். அடியில் பார் என்கிற பாறைத் தரையில் நடந்து நடந்து சங்கு பொறுக்கி, வலைப்பையில் போட்டுக்கொண்டு மேலே வருவார்கள்.

இறங்குவதில் பிரச்சினை இல்லை. மேலே வருவதில்தான் எமன் இருக்கிறான். ஆழத்தில் மூச்சு இழுத்தால், அந்த அழுத்தத்தில் காற்று ரத்தத்தில் கரைந்துவிடும். நின்று நின்று மெதுவாக மேலே வந்தால், கரைந்தது மூச்சோடு மூச்சாக வெளியே போய்விடும். விறுவிறுவென்று ஏறிவிட்டால் ரத்தத்துக்குள்ளேயே குமிழி கிளம்பும். மூட்டு குத்தும், கை மரக்கும், சிலருக்குக் கால் போய்விடும். அந்தத் தெருக்களில் இதை வாயுப் பிடிப்பு என்பார்கள்.

ஜெமிமா இதை வகுப்பில் நடத்த ஒரு கோலி சோடாவோடு வந்தாள். கோலியை உள்ளே தட்டினாள். நுரை பொங்கியது. "அழுத்தம் பட்டுனு குறைஞ்சா இப்படித்தான்" என்றாள். பிள்ளைகள் கைதட்டி, சோடாவைப் பங்கு போட்டுக் குடித்தார்கள். பரீட்சையில் ஒருவன், 'கடலுக்குள் இறங்கும்போது சோடா குடிக்கக் கூடாது' என்று எழுதி வைத்தான். அவள் தலையில் கைவைத்துக்கொண்டாள். சொன்னால் ஏறாது, இவர்களைச் செய்யவைக்க வேண்டும் என்று தோன்றியது.

அப்படிப் பிறந்ததுதான் அந்த ஆட்டம். யாரோ வீட்டுக் காதுகுத்துக்கு வைத்த பேனரைத் திருப்பிப்போட்டு, அதன் முதுகில் கட்டம் போட்டாள். மேல் வரிசையில் வள்ளம். கீழ் வரிசையில் பார். தாயக்கட்டையை உருட்டி இறங்க வேண்டும், மூன்று சங்கு பொறுக்க வேண்டும், யார் முதலில் வள்ளத்துக்குத் திரும்புகிறார்களோ அவர்கள் ஜெயித்தார்கள். ஆனால் ஏறும் வழியில் இரண்டு வரிசைகளில் சிவப்புக் கட்டங்கள். அங்கே வந்தவர் மூன்று ஆட்டம் சும்மா உட்கார வேண்டும். உட்காராமல் தாண்டினால் காய் ஆஸ்பத்திரிக்குப் போய்விடும். கட்டமோ சின்னது, மார்க்கரோ தடிமன். ஒரே வரியில் எழுத இடம் போதவில்லை. அதனால் இரண்டு வரியாகப் பிரித்து எழுதினாள். மேலே 'காத்து'. கீழே 'இரு'.

இந்த இடத்தை நினைத்து அவள் பிற்பாடு எத்தனையோ முறை அழுதிருக்கிறாள். கொஞ்சம் பெரிய கட்டமாகப் போட்டிருக்கலாமே என்று.

ஆட்டம் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டது. பையன்கள் எல்லாரும் அவசரப்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஒன்பதாம் வகுப்பு ஷெர்லின் மட்டும் சிவப்புக் கட்டத்தில் கையைக் கட்டிக்கொண்டு ராணி மாதிரி உட்கார்ந்திருப்பாள், பிறகு நிதானமாக ஏறி ஜெயிப்பாள். அவளுக்கு அப்பா இல்லை. அம்மா அந்தோணியம்மாள் இறால் கம்பெனியில் இறால் உரிக்கப் போகிறாள். அண்ணன் ஜெரால்டுக்குப் பத்தொன்பது வயது. இதே பள்ளியில் ஜெமிமாவின் வகுப்பில் கடைசி பெஞ்சில் நன்றாகத் தூங்கிப் படித்தவன். இப்போது சங்கு குளிக்கப் போகிறான்.

ஒருநாள் சாயங்காலம் பள்ளி வாசலில் ஜெரால்டு பைக்கை நிறுத்திக்கொண்டு காத்து நின்றான்.

"டீச்சர், உங்க ஆட்டத்துல எந்தங்கச்சி என்னைத் தெனமும் தோக்கடிக்கா. அட்டையில வரைஞ்சு வீட்டுக்கே கொண்டுவந்துட்டா."

"நீ ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பியே?"

"ஆமா டீச்சர். நாலு நாளா ஆஸ்பத்திரியிலதான் கெடக்கேன்" என்று சிரித்தான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான். "டீச்சர், நெசமாவே அப்படித்தானா? மேல வந்தா எனக்குத் தோள்மூட்டு குத்தும். வாயுன்னு அம்மா பூண்டு ரசம் வச்சுத் தருவா. ஆட்டத்துல உள்ளது மாதிரி நின்னு வந்தா குத்தாதோ?"

"நின்னு பாரு ஜெரால்டு."

நின்று பார்த்தான். நங்கூரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஜெபமாலையில் பத்து மணி எண்ணும் நேரம் ஓர் இடத்தில், இருபது மணி எண்ணும் நேரம் இன்னோர் இடத்தில் என்று மனசுக்குள்ளேயே மரியன்னையைக் கூப்பிட்டு நின்றான். தோள் குத்தவில்லை. வள்ளத்துக்குச் சொந்தக்காரரான இனிகோ சம்மாட்டி மட்டும் அவன் மேலே ஏறியதும் கத்துவார்: "ஏலே, தண்ணிக்குள்ள என்னலே பூசை வைக்க? டீசல் உங்கப்பனா ஊத்துதான்?" கூட வருகிறவர்களும் சிரிப்பார்கள். ஜெரால்டு சிரிப்பைப் பொறுத்துக்கொண்டு தினமும் நின்றான். இருபது வருஷ சர்வீஸில் தான் நடத்திய பாடம் ஒன்று ஒருவனைக் கடலுக்குள்ளிருந்து முழுசாக வீட்டுக்குக் கொண்டுவருகிறது என்பதில் ஜெமிமாவுக்குச் சொல்ல முடியாத சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தைத் தலைமையாசிரியர் ஆறுமுகநயினாரிடம் சொன்னாள். அதுதான் வினையாகப் போயிற்று.

ஆறுமுகநயினார் நல்ல மனிதர், அடுத்த வருஷம் ஓய்வு பெறுகிறவர். பிள்ளைகள் ஆடுவதை வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டார். அது வட்டாரம் போய், மாவட்டம் போய், சென்னையில் 'மகிழ்கற்றல் புத்தாக்க இயக்ககம்' என்று ஒன்று இருக்கிறதே, அதன் மடியில் விழுந்தது. பிள்ளைகளைச் சந்தோஷமாகப் படிக்கவைப்பதற்காக ஏற்படுத்தப்பட்ட அலுவலகம் அது. அங்கே யாரும் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

இணை இயக்குநர் முத்துச்செல்வம் மூன்று காரில் வந்தார். இரண்டு கார் முன்னும் பின்னும் சும்மா வந்தது. கூட வந்தவர்கள் கையில் ஒரு செல்போன் செயலி இருந்தது. பிள்ளைகளின் முகத்துக்கு நேரே அதைப் பிடித்தால் மகிழ்ச்சி எத்தனை சதவீதம் என்று காட்டிவிடும். பிள்ளைகள் காய் நகர்த்தும்போது பச்சை விளக்கு எரிந்தது. ஷெர்லின் சிவப்புக் கட்டத்தில் கையைக் கட்டி உட்கார்ந்ததும் செயலி சிவப்பாகி, கீய் கீய் என்று கத்தியது.

"இந்தக் குழந்தைக்கு என்ன ஆச்சு?" என்று பதறினார் முத்துச்செல்வம்.

"காத்திருக்கா சார்" என்றாள் ஜெமிமா. "அதுதான் சார் பாடமே."

முத்துச்செல்வத்தின் முகம் சுருங்கியது. கூடத்தில் எல்லோரையும் கூட்டி ஓர் உரை நிகழ்த்தினார்.

"காத்திருப்பு என்பது கல்வியின் எதிரி. நான் சொல்கிறேன், எனக்கு அனுபவம் உண்டு. ஒரு சின்ன விசாரணையை ஒட்டி என்னைக் காத்திருப்போர் பட்டியலில் வைத்தார்கள். சும்மா வீட்டில் இருந்தேன். சம்பளம் வந்தது, ஆனால் கார் வரவில்லை. அந்த வேதனை ஒரு பச்சைக் குழந்தைக்கு வரலாமா? என் சர்வீஸில் எந்தக் கோப்பையும் நான் மேசையில் காக்க வைத்ததே கிடையாது. வந்த வேகத்தில் அடுத்த மேசைக்குத் தள்ளிவிடுவேன். படித்துக்கொண்டிருந்தால் அந்த வேகம் வருமா?"

எல்லோரும் கைதட்டினார்கள். செயலி பச்சையாக எரிந்தது.

ஜெமிமா மட்டும் பின்னாலேயே போய், கார்க் கதவைப் பிடித்துக்கொண்டாள். "சார், வேற எதை வேணும்னாலும் மாத்திக்கோங்க. அந்தச் சிவப்புக் கட்டம் மட்டும் இருக்கட்டும். அது போச்சுன்னா ஒண்ணுமே இல்ல சார்."

அவள் கண்ணில் தண்ணீரைப் பார்த்து அவருக்குக் கொஞ்சம் இரக்கம் வந்தது. "சரி, அம்மா ஆசைப்படுகிறார்கள். அந்தக் கட்டத்தை யாரும் நீக்கக் கூடாது என்று குறித்துக்கொள்ளுங்கள்" என்று உதவியாளரிடம் சொன்னார். உதவியாளர் குறித்துக்கொண்டார். அந்த வாக்கை இயக்ககம் கடைசிவரை காப்பாற்றியது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அந்தக் கட்டத்தை யாரும் நீக்கவில்லை.

சென்னையில் நடந்த வல்லுநர் கூட்டத்துக்கு ஜெமிமாவைச் சிறப்பு அழைப்பாளராகக் கூப்பிட்டார்கள். சிறப்பு அழைப்பாளர் என்றால் பேசக் கூடாது என்று அர்த்தம் என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. கதவோரமாக ஒரு நாற்காலி கொடுத்தார்கள்.

முதல் ஆட்சேபம் கடலுக்கு. கரூர் மாவட்டத்தில் கடல் இல்லை, அந்தப் பிள்ளைகளுக்குத் தாழ்வு மனப்பான்மை வரும் என்றார் ஓர் உளவியல் வல்லுநர். கடல் 'நீர்நிலை' ஆயிற்று. 'சங்கு குளித்தல்' என்பதைப் பார்த்து ஒருவர், மாணவர்களிடையே உடல் சுத்தத்தை வளர்க்கும் நல்ல முயற்சி என்று பாராட்டினார். அதைச் செந்தமிழில் 'நீராடல்' என்று மாற்றி, பெட்டியில் ஒரு சோப்புப் படமும் போட முடிவானது. 'பார்' என்ற சொல் மதுக்கூடத்தை நினைவூட்டுவதால் ஒருமனதாக நீக்கப்பட்டது. 'பத்துப் பாகம்' என்பதைப் பாடநூல் பாகம் என்று எடுத்துக்கொண்டு, இப்போதெல்லாம் பாகம் கிடையாது, 'அலகு' என்று திருத்தினார்கள். தாயக்கட்டை சூதாட்டக் கருவி, அதற்குப் பதிலாக 'வாய்ப்புச் சுழலி' என்று ஓர் அட்டை அம்பு. மேலே மின்விசிறி ஓடினால் அந்த அம்பு நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. விசிறியை அணைத்தால் வல்லுநர்களுக்கு வேர்த்தது. எனவே அம்பு சுற்றட்டும், குழந்தைகள் முயற்சியைக் கற்பார்கள் என்று எழுதிக்கொண்டார்கள்.

ஜெமிமா இரண்டு தடவை கையைத் தூக்கினாள். தண்ணீர் வேண்டும் என்று நினைத்து இரண்டு தடவையும் தண்ணீர் பாட்டில் கொடுத்தார்கள். சிவப்புக் கட்டத்தைப் பற்றிப் பேச்சு வந்தபோது மட்டும் அவள் நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள். "அது இணை இயக்குநரின் சிறப்பு உத்தரவு, நீக்கக் கூடாது" என்றார்கள். அவளுக்கு அப்போதுதான் உயிர் வந்தது. கடலை எடுத்துக்கொள்ளட்டும், சோப்பை வைத்துக்கொள்ளட்டும், காத்திரு மட்டும் தப்பியதே. முத்துநகர் எக்ஸ்பிரஸுக்கு நேரமாகிவிட்டது என்று கும்பிட்டுவிட்டுக் கிளம்பினாள். அவள் போன பிறகு, டீயும் போண்டாவும் முடிந்து, மொழிச் செம்மைக் குழு கூடியது.

அடுத்த கல்வியாண்டில் பள்ளிக்கு மூட்டை மூட்டையாகப் பெட்டிகள் வந்து இறங்கின. மினுமினுவென்று வண்ணப் பெட்டி, அரசு முத்திரை, உள்ளே வல்லுநர்கள் எல்லோருடைய கையெழுத்தும். ஜெமிமா பலகையை விரித்தாள். நீர்நிலை இருந்தது. சோப்பு இருந்தது. ஏறும் வழியில் இரண்டு வரிசைகளில் சிவப்புக் கட்டங்கள், சொன்னது சொன்னபடியே இருந்தன. ஒவ்வொரு கட்டத்திலும் கன்னத்தை உப்பிக்கொண்டு ஊதுகிற ஒரு மேகத்தின் படம். அதன் கீழே: 'காற்று – 2. காற்று வீசுகிறது! இரண்டு கட்டம் மேலே செல்க.'

அவளுக்குக் கொஞ்ச நேரம் ஒன்றும் புரியவில்லை. வாய்விட்டு ஒருமுறை படித்ததும் புரிந்தது. 'காத்து' என்பது கொச்சை. அதை ஒரு புலவர் அடித்து, 'காற்று' என்று திருத்தியிருக்கிறார். 'இரு' என்றால் இரண்டு. எண்களை எண்ணால் எழுத வேண்டும் என்பது இயக்ககத்தின் விதி. தமிழில் யாரும் ஒரு தப்பும் செய்யவில்லை.

உடனே சென்னைக்குப் போன் போட்டாள். நாள்கணக்கில் முயன்ற பிறகு முத்துச்செல்வமே கிடைத்தார்.

"சார், நிக்க வேண்டிய இடத்துல மேலே போன்னு போட்டிருக்கு."

"நல்லதுதானே டீச்சர்? பாசிட்டிவாக இருக்கிறது. செயலியில் இப்போது எல்லா மாவட்டமும் பச்சை."

"சார், நெசமாவே சங்கு குளிக்கிற பிள்ளைங்க இங்க இருக்கு. ஆட்டத்துல பழகினதைத்தான் கடலுக்குள்ளயும் செய்யும். செத்துப்போவும் சார்."

"மாநிலம் முழுக்கப் பெட்டி போய்விட்டது. சங்கு குளிப்பவர் எத்தனை பேர் இருப்பார்கள்? கரூரில் ஒருவராவது உண்டா? உங்கள் ஊர்க் கண்ணோட்டத்தை விட்டுக் கொஞ்சம் மேலே வாருங்கள் டீச்சர்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

மனு எழுதினாள். பதில் வந்தது: 'தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது. காத்திருக்கவும்.' பிரிக்காமல், பிழையில்லாமல், ஒரே சொல்லாக எழுதியிருந்தார்கள். அதைப் படித்துவிட்டு அவள் ஆய்வகத்தில் தனியாக நின்று ஓவென்று அழுதாள்.

பிறகு ஒரு காரியம் செய்தாள். வெள்ளைத் தாள் வெட்டி, கொட்டையாகக் 'காத்திரு' என்று எழுதி, மேகத்தின் மேல் ஒட்டினாள். ஆறுமுகநயினார் ஓடி வந்து பிய்த்தார்.

"அரசு உடைமையில கை வைக்கலாமா டீச்சர்? பழைய பேனரையும் கொடுத்திருங்க. அங்கீகரிக்கப்படாத கருவி எதுவும் வகுப்புல இருக்கக் கூடாதுன்னு உத்தரவு. எனக்கு அடுத்த மார்ச்சோட முடியுது டீச்சர். தயவு பண்ணுங்க." அவர் உண்மையாகவே கையெடுத்துக் கும்பிட்டார். வயசுக்கு மூத்தவர் கும்பிட்டால் என்ன செய்வது? பேனரைச் சுருட்டிக் கொடுத்துவிட்டாள்.

இதற்குள் இயக்ககம் போட்டி அறிவித்தது. மண்டல அளவில் முதலில் வருகிற பிள்ளைக்குச் சென்னையில் மாதிரிப் பள்ளியில் இடம், தங்கி, சாப்பிட்டு, பன்னிரண்டாவது வரை படிக்கலாம். ஷெர்லினுக்கு டாக்டருக்குப் படிக்க வேண்டும். இறால் உரித்து உரித்துப் புண்ணான அம்மாவின் கையைப் பார்த்து வளர்ந்த பிள்ளை, வேறு எப்படி ஆசைப்படும்? ஜெமிமாவுக்கு மறுக்க மனசு வரவில்லை.

"ஏளா, இது போட்டிக்கு மட்டும்தான். இதுல உள்ளது பொய். தெரிஞ்சுக்கோ" என்று சொல்லிப் பெட்டியைக் கொடுத்தனுப்பினாள்.

"தெரியும் டீச்சர்" என்றாள் ஷெர்லின்.

வீட்டில் அவளோடு ஆட வேறு யார் இருக்கிறார்கள்? தினமும் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு அண்ணனும் தங்கையும் ஆடினார்கள். இந்த ஆட்டத்தில் ஜெரால்டு ஜெயித்தான். சிவப்புக் கட்டத்துக்கு வந்தால் காற்று தூக்கும், அங்கே இருந்து இன்னொரு காற்று தூக்கும், நாலே சுற்றில் மேலே வந்துவிடலாம். அவன் கைதட்டிச் சிரிப்பதை அந்தோணியம்மாள் அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரிப்பாளாம்.

ஒருநாள் ஜெமிமாவுக்குப் போன் வந்தது. "டீச்சர், மாத்திட்டாங்களா? நிக்காண்டாம்னு போட்டிருக்குல்லா?"

"அச்சுப் பிழைப்பா அது. நம்பாத. நீ நின்னுதான் வரணும். என் மேல சத்தியம் பண்ணு."

"சத்தியமா நின்னு வாரேன் டீச்சர். சம்மாட்டிதான் ஏசுதாரு. பெட்டியை அவருகிட்ட நாந்தான் காட்டினேன். இப்பப் பிடிச்சுக்கிட்டாரு. கவர்மெண்டே போட்டிருக்கான், முத்திரை இருக்கு, படிச்ச ஆளுக எல்லாம் கையெழுத்துப் போட்டிருக்கு, உங்க டீச்சரம்மா பேனர்ல கிறுக்குனது பெருசோன்னு கேக்காரு."

"நீ என்ன சொன்ன?"

"நான் என்ன சொல்ல டீச்சர்" என்றான் ஜெரால்டு.

மண்டலப் போட்டி திருநெல்வேலியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. விசிறிகளை அணைத்துவிட்டார்கள். பிள்ளைகள் வியர்வையில் நனைந்தபடி அம்பைச் சுற்றினார்கள், வல்லுநர்கள் மட்டும் ஏசி அறையில் டிவியில் பார்த்தார்கள். ஷெர்லினை யாராலும் தொட முடியவில்லை. கட்டம் கட்டமாகத் தாவித் தாவி மேலே வந்தாள். நாலு மாவட்டத்தில் முதலிடம். முத்துச்செல்வம் மேடையில் கோப்பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பேசினார்.

"இந்தக் குழந்தை நமக்குச் சொல்வது என்ன? ஆழத்திலேயே கிடக்காதே. நிற்காதே. யோசிக்காதே. மேலே வா! நான் இந்த ஆட்டத்தை இன்னும் ஆடிப் பார்க்கவில்லை. ஆனால் இதன் தத்துவத்தைத்தான் என் வாழ்க்கை முழுவதும் கடைப்பிடித்து வருகிறேன்."

மண்டபமே அதிரக் கைதட்டிக்கொண்டிருந்தபோது ஜெமிமாவின் போன் அடித்தது. அந்தோணியம்மாள். சத்தத்தில் முதலில் ஒன்றும் கேட்கவில்லை. காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள்.

"டீச்சரம்மா, ஜெரால்டு வள்ளத்துல வச்சே விழுந்துட்டான். காலு ரெண்டும் வரமாட்டேங்கு. கிள்ளுனாத் தெரியலங்கான் டீச்சரம்மா. எம்புள்ளையக் கிள்ளிக் கிள்ளிப் பாக்கேன், தெரியலங்கான்."

ஜெமிமா திரும்பி மேடையைப் பார்த்தாள். ஷெர்லின் கோப்பையை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தாள். செயலி வைத்திருந்தவர் அவள் முகத்துக்கு நேரே பிடித்திருந்தார். விளக்கு பச்சை.

அன்றைக்கு மேகம் கூடி வருகிறது, சீக்கிரம் கரைக்குப் போக வேண்டும் என்று இனிகோ சம்மாட்டி குழாயைப் பிடித்து ஆட்டியிருக்கிறார். ஜெரால்டு முதல் இடத்தில் நிற்கப் பார்த்திருக்கிறான். அவர் விடாமல் ஆட்டவும், விறுவிறுவென்று ஏறிவிட்டான். இதைச் சொல்லும்போது சம்மாட்டி தலைதலையாய் அடித்துக்கொண்டார். அவர் கெட்டவர் இல்லை. ஆஸ்பத்திரிச் செலவுக்கு வள்ளத்தையே விற்கிறேன் என்று நின்றார். விற்றும் பிரயோசனம் இல்லை, குமிழி நரம்பில் ஏறிவிட்டது, நேரம் கடந்துவிட்டது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். இடுப்புக்குக் கீழே ஜெரால்டுக்கு ஒன்றுமே இல்லை.

இதில் யார் மேல் பழி போடுவது? மேகத்தின் மேலா, சம்மாட்டி மேலா, புலவர் மேலா? விசாரித்துப் பார்த்தால் ஒவ்வொருவரும் தங்கள் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருந்தார்கள். எனக்கு இந்த ஒழுங்கைக் கண்டால்தான் வயிறு எரிகிறது.

ஆஸ்பத்திரியிலிருந்து அவனை வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலில் போட்ட பிறகு, ஒருநாள் காலையில் தெருவுக்குள் மூன்று கார் வந்தது. மண்டல வெற்றியாளரின் இல்லத்தை இயக்ககம் கௌரவிக்கிறது என்றார்கள். வீடியோக்காரர், விளக்குக்காரர், முத்துச்செல்வம். முன்கூட்டியே தகவல் வந்ததால் ஆறுமுகநயினாரும் ஜெமிமாவும் வந்திருந்தார்கள். அந்தோணியம்மாள் என்ன செய்வதென்று தெரியாமல் எல்லோருக்கும் கலர் வாங்கிக் கொடுத்தாள்.

கட்டிலில் கிடப்பவன் யார் என்று முத்துச்செல்வம் கேட்டார். ஆறுமுகநயினார் தயங்கித் தயங்கிச் சொன்னார். முத்துச்செல்வம் உச்சுக்கொட்டினார். உண்மையிலேயே வருத்தப்பட்டார் என்றுதான் சொல்ல வேண்டும்.

"அடடா. இதற்குத்தான் விழிப்புணர்வு வேண்டும் என்கிறோம். இப்படிப்பட்டவர்களுக்கு நம் பெட்டி போய்ச் சேரவில்லை பாருங்கள். தம்பிக்கும் ஒரு பெட்டி கொடுங்கள். படுத்தபடியே ஆடலாம்."

உதவியாளர் ஒரு புதுப் பெட்டியை ஜெரால்டின் மடியில் வைத்தார். மடியில் வைத்தது அவனுக்குத் தெரியவில்லை. கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான்.

விளக்கு எரிந்தது. ஷெர்லினைச் சுவரோரமாக நிறுத்தினார்கள். "இந்த ஆட்டத்தால் என்ன கற்றுக்கொண்டாய் என்று ஒரு வரியில் சொல்லும்மா, சிரித்த முகமாக" என்றார் முத்துச்செல்வம்.

ஷெர்லின் அண்ணனைப் பார்த்தாள். கேமராவைப் பார்த்தாள்.

"எங்க அண்ணன் ஜெயிச்சுட்டான் சார்" என்றாள். "என்னைவிடச் சீக்கிரமா மேல வந்துட்டான்."

"பிரமாதம்!" என்றார் முத்துச்செல்வம். "குடும்பமே ஆடுகிறது என்பது வருகிறது பாருங்கள். இதையே வைத்துக்கொள்ளுங்கள்." இயக்ககத்தின் இணையதளத்தில் அந்த வரி இன்றைக்கும் இருக்கிறது. பின்னால் புல்லாங்குழல் இசை சேர்த்திருக்கிறார்கள்.

ஷெர்லின் சென்னைக்குப் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். கார்கள் போனதும் கொல்லைப்பக்கம் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். ஜெமிமா போய்க் கூப்பிட்டாள், தோளைத் தொட்டாள். "நாந்தான டீச்சர் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தேன். பொய்யின்னு தெரிஞ்சே சொல்லிக்கொடுத்தேன்" என்றாள் பிள்ளை. கொச்சையைத் திருத்திய ஒரு புலவரைப் பற்றி, எண்ணை எண்ணால் எழுதச் சொன்ன ஒரு விதியைப் பற்றி, பதினாலு வயசுப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? கொடுத்தனுப்பியது நான்தான் என்று சொல்லிப் பார்த்தாள். ஷெர்லின் திரும்பவே இல்லை.

ஜெமிமா உள்ளே வந்து கட்டிலோரம் உட்கார்ந்தாள். அந்தோணியம்மாள் வெளியே காலிக் கலர் பாட்டில்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஜெரால்டு கூரையையே பார்த்துக்கொண்டு கிடந்தான்.

"டீச்சர்."

"சொல்லுப்பா."

"உங்ககிட்ட சத்தியம் பண்ணிட்டு நிக்காம வந்துட்டேன். கோவமா?"

"இல்லப்பா."

"ஆஸ்பத்திரிக் கட்டத்துல விழுந்தா ஆட்டம் முடிஞ்சுதா டீச்சர்? இல்ல கொஞ்ச நாள் சும்மா கெடந்தா மறுபடியும் ஆடலாமா? எத்தன ஆட்டம் நான் சும்மா கெடக்கணும்?"

இருபது வயசுப் பையன், டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். மாநிலம் முழுக்க ஒவ்வொரு பலகையிலும் ஒட்டி வைக்கத் துடித்தாளே, அந்த ஒரு சொல்லை, இப்போது அவனிடம் சொல்ல ஜெமிமாவுக்கு வாய் வரவில்லை.